ட்ரோன் கண்ணாடியும் ஒரு வெள்ளைத் துண்டும்

1. முதல் நாளே பந்தி

அந்தக் கண்ணாடியை முதன்முதலாகப் போட்டுக்கொண்டு ட்ரோன் ஓட்டிய அன்று, பெண் வீட்டுப் பெரியம்மா ஒருவர் என்னைக் கண் தெரியாதவள் என்று நினைத்து, கையைப் பிடித்துப் பந்திக்கு அழைத்துப் போய்விட்டார். ட்ரோன் அப்போது மண்டபத்துக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

அறந்தாங்கிப் பக்கம் ஒரு கல்யாணம். கோயிலில் தாலி கட்டி முடித்து, பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர்வலமாக மண்டபத்துக்கு வருகிறார்கள். நான் மண்டபத்து வாசலில் வாழை மரத்தை ஒட்டி நிற்கிறேன். கறுப்புக் கண்ணாடி, அதன் காம்பிலிருந்து ஒரு ஒயர், கழுத்தில் மாட்டிய கன்ட்ரோலர். இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உடம்பை ஆட்டக் கூடாது. கண்ணுக்குள் ஓடும் படம் ஒரு பக்கம் போக, கால் ஒரு பக்கம் போனால் தலை சுற்றிவிடும். அதனால் அசையாமல், எதிரே வருகிறவர் யாரையும் பார்க்காத முகத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

"பாவம், கண்ணு ஆப்ரேசன் பண்ணிருக்கா போல. கூட யாரும் வரலயா ஒனக்கு? வா ஆத்தா, மொத பந்தியிலயே ஒக்காந்துரு" என்று ஒரு குரல். வலது கையை ஒரு பிடி பிடித்தார் பாருங்கள், கன்ட்ரோலர் குச்சியிலிருந்து விரல் கழன்றுவிட்டது.

"பெரியம்மா, விடுங்க. ட்ரோன் மேல நிக்கிது."

"அது நிக்கட்டும் ஆத்தா. எலை போட்டாச்சு."

குச்சியை விட்டால் ட்ரோன் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். அந்த ஒன்றுதான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. நாலைந்து எட்டு போனதும் எங்கள் வீட்டுக்காரர் ஓடி வந்து என்னை மீட்டார். பெரியம்மாவுக்கு விஷயம் புரிந்ததும் வந்த வெட்கத்தில், எனக்குத் தனியாக ஒரு பெரிய பாத்திரத்தில் பாயசம் வந்தது. அன்றைக்கு எடுத்த வீடியோவில், ஊர்வலம் திரும்புகிற முக்கியமான இடத்தில் படம் அப்படியே நின்றுவிடும். எடிட்டிங்கில் அந்த இடத்தில் பூ மழை பொழிய வைத்துச் சமாளித்தேன்.

இப்போது ட்ரோன் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் பலர் இந்தக் கண்ணாடியைப் பற்றிக் கேட்கிறார்கள். எந்த மாடல், எவ்வளவு நேரம் தாங்கும், கண் வலிக்குமா என்று. அதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். கடையில் சொல்லாத சிலவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

2. எனக்கு எதற்குக் கண்ணாடி

நாங்கள் கீரனூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். அவர் போட்டோ எடுப்பார். நான் கம்ப்யூட்டரில் ஆல்பம் டிசைன் செய்வேன். மாப்பிள்ளையின் தொப்பையைக் குறைப்பது, நாத்தனாரின் கோபத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்குவது, வர முடியாமல் போன வெளிநாட்டு அண்ணனைக் குடும்பப் படத்தில் ஓரமாக நிறுத்துவது எல்லாம் என் வேலை. ட்ரோன் இல்லாமல் கல்யாண ஆர்டரே வராது என்ற காலம் வந்ததும் நாங்களும் ஒன்று வாங்கினோம். அவருக்கு ஏணியில் ஏறினாலே மயக்கம் வரும். ட்ரோன் மேலே போகிற படத்தைப் பார்த்ததுமே நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கன்ட்ரோலர் என் கைக்கு வந்தது.

நல்லபடியாகத்தான் ஓட்டினேன். பிறகு சாளேசரம் வந்தது. கண் டாக்டர் சிரித்துக்கொண்டே, "நாப்பதத் தாண்டுனா எல்லாருக்கும் வர்றதுதாம்மா" என்று கிட்டே இருப்பதைப் படிக்க ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் எல்லாரும் ட்ரோன் ஓட்டுவதில்லையே. அந்தக் கண்ணாடியைப் போட்டால் போனில் பேட்டரியும் உயரமும் தெரியும், வானத்தில் இருக்கும் ட்ரோன் தெரியாது. கழற்றினால் ட்ரோன் தெரியும், போனில் இருப்பது எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். போடுவதும் கழற்றுவதுமாக ஒரு கை எப்போதும் மூக்கில்தான் இருந்தது.

இதோடு நம்ம ஊர் வெயில். புதுக்கோட்டைப் பக்கத்து மத்தியான வெயிலில் போன் திரையில் நம் முகம்தான் தெரியும். போனையும் தலையையும் சேர்த்து ஒரு துண்டால் மூடிக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். "அக்கா என்ன ஆவி புடிக்குதா?" என்று பந்தல்காரப் பையன்கள் கேட்டார்கள். ஒரு தடவை பனை மரத்துக்கு ஒரு முழ தூரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். அன்று இரவே அவரிடம், ட்ரோனை விற்றுவிடலாம், நான் மறுபடியும் ஆல்பத்தோடு இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பிடித்த வேலை அது.

அந்தச் சமயம் அறந்தாங்கியில் எங்களிடம் வழக்கமாக வேலை கொடுக்கும் ஒரு வீட்டுத் தம்பி, துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். ரூமில் படுத்துக்கொண்டு படம் பார்க்கலாம் என்று வாங்கின கண்ணாடியாம். "எனக்கு ஒத்துக்கல அக்கா, தலைவலி வருது. ஒங்களுக்கு ஆகுமான்னு பாருங்க" என்று கொடுத்தார். ஒயர்களை இணைக்கும் ஒரு சின்ன ஹப் வாங்கி, போன், கன்ட்ரோலர், கண்ணாடி மூன்றையும் கோத்தோம். போட்டுப் பார்த்தேன். கூடத்துச் சுவரில் பெரிய டிவி மாட்டியதுபோலப் படம் தள்ளி நின்றது. கண்ணாடி கண்ணை ஒட்டித்தான் இருக்கிறது, ஆனால் படம் தூரத்தில் இருப்பதாகவே கண் எடுத்துக்கொள்கிறது. அதனால் சாளேசரக் கண்ணாடி வேண்டியதில்லை. பேட்டரி எண் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு குறை உண்டு. பகலில் படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் முன்னால் ஒரு கறுப்பு மூடி மாட்ட வேண்டும். மாட்டினால் வெளியே ஒன்றும் தெரியாது. ட்ரோன் பறக்கும்போது வெறும் கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே ஒருவர் நிற்க வேண்டும். எனக்கு அந்தக் கண் எங்கள் வீட்டுக்காரர்.

3. தோளும் துண்டும்

அவர் என் பின்னால் நிற்பார். வலது தோளில் தட்டினால் வலப் பக்கம் ஏதோ இருக்கிறது. இடது என்றால் இடது. இரண்டு தோளையும் அழுத்தினால் நிறுத்து. முதுகில் ஒரு குத்து விட்டால் உடனே இறக்கு. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதை அவர் கேட்டதில்லை, அவர் சொன்னதை நான் கேட்டதில்லை. இந்த வேலையில்தான் ஒழுங்காகக் கேட்டுக்கொள்கிறோம்.

கல்யாண வீட்டுக்கு இது போதும். பெரிய இடங்களுக்குப் போதாது. நார்த்தாமலை அடிவாரத்தில் ஒரு தோப்பை விற்பதற்காகப் படம் எடுக்கப் போயிருந்தோம். தோப்பின் கடைசியில் கரண்ட் கம்பி. ட்ரோன் கம்பிக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்பது தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. ட்ரோன் கேமராவிலும் கம்பி சரியாகத் தெரியாது. பக்கத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும்.

"நா கம்பிக்கிட்ட போய் நிக்கிறேன். ஒனக்கு எப்படிச் சொல்றது? போன வேற நீ ஃப்ளைட் மோடுல போட்ருவ" என்றார்.

கூப்பிட்டால் படத்தின் நடுவே அழைப்பு வந்து நிற்கும் என்பதால் போனை அப்படித்தான் வைத்திருப்பேன்.

"ட்ரோனப் பாத்துக் கைய ஆட்டுங்க. எனக்குத்தான் தெரியுமே."

கை தெரியவில்லை. தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுற்றினார். செம்மண்ணில் வெள்ளைத் துண்டு அவ்வளவு எடுப்பாகத் தெரிந்தது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. துண்டு சுற்றினால் கம்பி கிட்டே இருக்கிறது, மேலே ஏறு என்று அர்த்தம். அவர் அரை மைல் தள்ளி நின்றாலும் என் கண்ணுக்குள் வந்து சொல்லிவிட்டுப் போவார்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. அவர் எனக்குச் சொல்ல வழி இருந்தது. நான் அவருக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லை. அதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. தேவையும் வரவில்லை, அந்தக் கண்மாய் வரைக்கும்.

4. கண்மாய்

குளத்தூர் தாலுகாவில் ஒரு கண்மாய். ஊர்ப் பெயர் வேண்டாம், இன்னும் அங்கே ஆர்டருக்குப் போய் வருகிறோம். கிழக்குக் கரையில் ஒரு ஊர், மேற்குக் கரையில் ஒரு ஊர். அறுவடை முடிந்து தண்ணீர் இறங்கும் காலத்தில் மீன்பிடித் திருவிழா நடக்கும். முதலில் கரைக் கருப்பருக்குப் பூசை. பூசை முடிந்ததும் ஊர்த் தலைவரான அம்பலம் சைகை காட்டுவார். அதுவரைக்கும் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடையும் வலையுமாகக் கரையில் நிற்கும் சனம் மொத்தமும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் இறங்கும். பிடித்த மீனை யாரும் விற்க மாட்டார்கள். அன்றைக்கு எல்லார் வீட்டிலும் மீன் குழம்புதான், கட்டிக் கொடுத்த பெண்கள் வீட்டுக்கெல்லாம் தூக்குவாளியில் போகும்.

அந்தத் திருவிழா ரொம்ப வருசமாக நின்று போயிருந்தது. கடைசியாக நடந்தபோது, கிழக்கு ஊர் சைகைக்கு முன்னாலேயே இறங்கிவிட்டது என்று மேற்கு ஊர் சொல்லி, கைகலப்பாகிப் போலீஸ் வரை போய்விட்டது. இரண்டு ஊர் அம்பலங்களும் மாமன் மச்சான் உறவு. மேற்கு ஊர் அம்பலத்தின் கூடப் பிறந்த தங்கச்சியைத்தான் கிழக்கு ஊர் அம்பலம் கட்டியிருக்கிறார். சண்டைக்குப் பிறகு அண்ணன் தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தங்கச்சி மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் இல்லாமல் போயிற்று. அது எவ்வளவு பெரிய குறை என்று நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தாலுகா ஆபீசில் வைத்துப் பேசி முடித்து, மறுபடியும் திருவிழா நடத்துவதாக முடிவானது. இரண்டு கரையிலும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும், யார் முந்தினார்கள் என்று பின்னால் பேச்சு வராமல் இருக்க மேலிருந்து வீடியோ எடுக்க வேண்டும் என்று கண்டிஷன். அதற்குத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

மேற்கு ஊர் அம்பலம் என்னிடம், "நீ ரெண்டு ஊருக்கும் பொது ஆத்தா. ஒங் கண்ணுக்குப் பட்டதுதான் சாட்சி. மறுபடி ஒரு வம்பு வந்துச்சு, இந்த ஜென்மத்துல சேர மாட்டோம்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விட்டோம். மைக் செட் மேற்குக் கரையில் கருப்பர் கோயில் பக்கம், நானும் அங்கேதான். வடக்குக் கோடியில் கலுங்கு. உபரித் தண்ணீர் வழிந்து போகிற அந்தக் கல் மேடையை ஒட்டிக் கரண்ட் கம்பி போகிறது. வழக்கம்போல அவர் கலுங்கில் போய் ஏறி நின்றுகொண்டார். இரண்டு கரையிலிருந்து பார்த்தாலும் தெரிகிற உயரம் அது. உறுமி மேளக்காரர்களும் அங்கேதான் நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

எப்படி ஆரம்பிப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தோம். வேட்டுப் போட்டுத்தான் ஆரம்பம் என்றார்கள். ஆனால் பூசை நடந்துகொண்டிருக்கும்போது எஸ்.ஐ. வந்து, காய்ந்த நாணல் பக்கத்தில் வேட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உடனே பேசி, சங்கு ஊதியதும் இரண்டு அம்பலங்களும் அவரவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டு வீசுவது என்று மாற்றினார்கள். மைக்கிலும் சொன்னார்கள். நான் கேட்டேன். உறுமிக்குப் பக்கத்தில் நின்ற எங்கள் வீட்டுக்காரருக்கு அது கேட்டிருக்க முடியாது.

வெள்ளைத் துண்டு என்று காதில் விழுந்ததும் எனக்கு எங்கள் வீட்டுக்காரர் தோளில் கிடக்கும் துண்டு நினைவுக்கு வந்தது. கண்ணாடி முகத்தில், ட்ரோன் மேலே. நடந்து போய்ச் சொல்ல நேரமில்லை. ஆள் அனுப்பலாம் என்றால் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. "யாராச்சும் கலுங்குக்குப் போங்க" என்று கத்தினேன். சங்கு எடுக்கிற மும்முரத்தில் யாரும் கேட்கவில்லை. சரி, ட்ரோனையே அவருக்கு முன்னால் கொண்டுபோய் இறக்கிக் கிடுகிடுவென்று ஆட்டினால், ஏதோ சொல்ல வருகிறாள் என்று புரிந்துகொள்வார் என்று கலுங்கை நோக்கித் திருப்பினேன்.

கலுங்குப் பக்கம் கம்பி இருக்கிறது. ட்ரோன் கம்பியை நோக்கி வேகமாக வருகிறது. அவர் என்ன செய்வார்?

துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுற்றினார். நான் பதறி இன்னும் கிட்டே போனேன். அவரும் பதறி இன்னும் வேகமாகச் சுற்றினார்.

கிழக்குக் கரைக்காரர்களுக்குச் சூரியன் முதுகுப் பக்கம். கலுங்கில் சுழன்ற துண்டு அவர்களுக்குப் பளபளவென்று தெரிந்திருக்கிறது. அங்கே கூச்சல் எழுந்ததும் ட்ரோனை மேலே ஏற்றி அந்தப் பக்கம் திருப்பினேன். சங்கு உறுமிச் சத்தத்தில் அமுங்கிப்போனது என்று நினைத்து, மொத்தக் கரையும் சரிந்த மாதிரி தண்ணீருக்குள் இறங்கியது. மேற்குக் கரைக்காரர்களுக்கு வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. துண்டு அவர்களுக்குத் தெரியவில்லை. கிழக்குக் கரை ஆட்கள் குதிப்பது மட்டும் நிழலாகத் தெரிந்தது. முதல் ஆளாக ஒரு கனத்த உருவம் குதித்தது. அது யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அவர்களுடைய அம்பலம்.

மேற்கு ஊர் அம்பலம் மைக்கைப் பிடுங்கினார்.

"பாத்தீங்களாய்யா? திருட்டுப் பய புத்தி போகுமா? சோத்துல உப்புப் போட்டுத் திங்கிறவனா இருந்தா இப்புடிச் செய்வானா? வாங்கடா, கெளம்புங்க. இந்தக் கம்மாயில இனிமே நமக்கு ஒண்ணும் இல்ல. அந்த ஊருல நமக்கு ஒறவும் இல்ல."

கூம்பு ஸ்பீக்கர் இரண்டு கரையிலும் கட்டியிருந்தது. கண்மாய் முழுக்க அது கேட்டது.

நான் ட்ரோனை இறக்கிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன். நேராக மேற்கு அம்பலத்திடம் போனேன்.

"ஐயா, துண்டு வீசுனது அவுக இல்லீங்க. எங்க வீட்டுக்காரரு. கம்பி கிட்ட வருதுன்னு எனக்குச் சைகை காட்டுனாரு. இந்த மாதிரி மாத்துனது அவருக்குத் தெரியாது."

"அவனுக்காகப் பேசாத ஆத்தா. மொதல் ஆளா எறங்குனது யாரு? எங் கண்ணால பாத்தேன்."

"நா மேல இருந்து பாத்தேங்க. நீங்களும் ஒருக்காப் பாருங்க. பாத்துட்டுக் கெளம்புங்க."

பின்னால் இளவட்டங்கள் சிலர் ஏற்கெனவே ஊத்தாக்களைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்னும் சிலர், கிழக்குக் கரைக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். போனில் பதிவை ஓட்டி நீட்டினேன். அவர் போனைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார், கையால் நிழல் கட்டிப் பார்த்தார்.

"ஒரு எழவும் தெரியல. கண்ணாடி வேற வீட்டுல கெடக்கு."

எனக்கும் அதே கண்தானே. ட்ரோன் கண்ணாடியை எடுத்து அவர் முகத்தில் மாட்டி, ஒயரைக் காதுக்குப் பின்னால் விட்டு, பதிவை முதலிலிருந்து ஓட்டினேன். எங்கே என்ன வரும் என்று எனக்குத் தெரியும் என்பதால் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே வந்தேன். இதோ கலுங்கு. இதோ எங்கள் வீட்டுக்காரர் துண்டு சுற்றுகிறார். இப்போது கிழக்குக் கரை.

"அந்தா... அவன்தான்" என்றார்.

"தோளப் பாருங்கய்யா. துண்டு மடிச்சது மடிச்சபடி கெடக்கு."

அதற்குப் பிறகு நடந்ததை அவரே பார்த்தார். கிழக்கு ஊர் அம்பலம் முதல் ஆளாகக் குதித்தது உண்மைதான். குதித்து நாலு எட்டு ஓடித் திரும்பி நின்றார். மீனைப் பார்த்து நிற்கவில்லை, தன் ஊர் சனத்தைப் பார்த்து நின்றார். இரண்டு கையையும் விரித்து மறித்தார். இளைஞர்கள் அவரை இடித்துக்கொண்டு போனார்கள். சேற்றில் விழுந்தார். எழுந்து ஒருவனுடைய ஊத்தாவைப் பிடுங்கி, மேல் வாய் வழியாகக் கையை விட்டு, உள்ளே கிடந்த மீனை எடுத்துத் தண்ணீரிலேயே வீசினார். அடுத்தவனைப் பிடித்துத் தள்ளினார். ஒவ்வொருவராகக் கரை ஏறினார்கள். மேற்குக் கரையிலிருந்து வெயிலில் நிழலாகப் பார்த்தால், ஆள் பாய்ந்து பாய்ந்து மீன் பிடிப்பது போலத்தான் இருந்திருக்கும்.

"இன்னொருக்கா ஓட்டு" என்றார்.

ஓட்டினேன்.

கண்ணாடியை அவரே கழற்றினார். கண் கலங்கியிருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. "எந் தங்கச்சி புருசன்மா அவரு. நா மைக்ல திருட்டுப் பயன்னுட்டேன். அவ அந்தக் கரையிலதான நிக்கிறா" என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் அதற்குள் கலுங்கிலிருந்து ஓடி வந்து சேர்ந்துவிட்டார். துண்டைச் சட்டைக்குள் திணித்துவைத்திருந்தார். வயிறு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டிருந்தது. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

அம்பலம் மைக்கைக் கையில் எடுத்தார். என்னைப் பார்த்து, "ஏத்தும்மா. நீ ஏத்துன பெறகு பேசுறேன். படமாகட்டும்" என்றார்.

"ஐயா, ட்ரோன்ல மைக் கெடையாது. படம் மட்டுந்தான் வரும். சத்தம் வராதுங்க."

"பரவாயில்ல. நா நின்னு பேசுனதாச்சும் தெரியட்டும்."

பேட்டரி மாற்றி ட்ரோனை ஏற்றினேன். கண்ணாடிக்குள் அவர் சின்னதாக, கருப்பர் கோயில் வாசலில், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"மாப்ள..." என்றார் மைக்கில். மைக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "மாப்ள, நாந்தான் பேசுறேன். முன்ன சொன்னது தப்பு. நீங்க எறங்குனது மறிக்கத்தான்னு கண்ணால பாத்துட்டேன். ரெண்டு ஊரு சனமும் கேட்டுக்கங்க, நாஞ் சொன்னது தப்பு. ஒங்க துண்ட எடுங்க மாப்ள. சேந்து வீசுவம்."

எதிர்க்கரையிலிருந்து பதில் சொல்ல அங்கே மைக் இல்லை. மேற்கு அம்பலம் கண்ணை இடுக்கிக்கொண்டு வெயிலைப் பார்த்தார். "என்ன பண்ணுறாரு? எடுத்தாரா? எனக்கு ஒண்ணுந் தெரியலயே."

நான் ட்ரோனைக் கிழக்கே கொண்டுபோனேன். சேறு அப்பிய வேட்டியோடு அவர் கரையில் நின்றார். தோளில் கிடந்த துண்டைத் தொட்டார், விட்டார். பிறகு எடுத்து, ஈரத்தைப் பிழிந்து, உதறினார்.

"எடுத்துட்டாருங்க. கையில புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு."

"சங்க ஊதச் சொல்லு" என்றார்.

சங்கு ஊதியது. இரண்டு கரையிலும் இரண்டு வெள்ளைத் துண்டுகள் எழுந்தன. இந்த முறை இரண்டு பக்கமும் ஒன்றாக இறங்கியது. கண்மாய் நடுவில் இரண்டு ஊர்ச் சனமும் கலந்த பிறகு யார் எந்த ஊர் என்று மேலிருந்து எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

5. இப்போது எப்படிச் செய்கிறோம்

எங்கள் வீட்டுக்காரருக்கு வெள்ளைத் துண்டு தடை. கிளிப்பச்சையில் ஒரு சின்னக் கொடி தைத்துக் கொடுத்திருக்கிறேன். "ஏந் துண்டு மட்டும் இல்லாட்டி மாமன் மச்சானாச் சேந்துருப்பாங்களா?" என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். பேசட்டும். எந்த ஊருக்குப் போனாலும், அந்த ஊரில் எந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்று கேட்காமல் ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுப்பதில்லை. ஏறிய பிறகு முடிவு ஏதாவது மாறினால் எங்களுக்கு ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்கிறோம். நானும் அவருக்குச் சொல்ல வழி வைத்திருக்கிறேன். நின்ற இடத்திலேயே ட்ரோன் இடமும் வலமுமாக முகத்தைத் திருப்பினால், கொடியைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் வரவேண்டும். கம்பி இருக்கும் திசைக்கு அவசரத்தில் போவதே இல்லை.

கண்ணாடி போட்டு ஓட்டப் பழகும் பிள்ளைகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் போட்டதும் எல்லாம் நம் கண்ணுக்குள் வந்துவிட்டது போல ஒரு தைரியம் வரும். பக்கத்தில் நிற்பவரோடு பேச முடியாத நிலையில் இருக்கிறோம் என்பது மறந்துபோகும்.

திருவிழா முடிந்து சில நாள் கழித்து, வீடியோவை வாங்கிப் போகக் கிழக்கு ஊர் அம்பலத்தின் வீட்டம்மா ஸ்டுடியோவுக்கு வந்தார். அண்ணன் தங்கச்சி இரண்டு பேருக்கும் ஒரே நெற்றி. முதலில் துண்டு சுழன்று தப்பாக இறங்கிய பகுதியை வெட்டிவிட்டுக் கொடுக்கவா என்று கேட்டேன்.

"வெட்டாத. எல்லாம் இருக்கட்டும். அவுகளும் அதத்தான் சொன்னாக, எங்கண்ணனும் அதத்தான் சொல்லுச்சு" என்றார். அண்ணன் அன்றைக்கு மத்தியானமே அவர்கள் வீட்டில் வந்து சாப்பிட்டாராம்.

கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன். கோயில் வாசலில் அவருடைய அண்ணன் மைக்கோடு நிற்கும் இடம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இந்தா, இங்கதான் மாப்ளேன்னு கூப்பிட்டுச்சு. சத்தம் வையி."

"சத்தம் இதுல வராதுங்கம்மா."

சற்று நேரம் திரையையே பார்த்தார். விரல் அளவுக்கு ஒரு மனிதர், மைக், தோளில் ஒரு துண்டு. வாய் அசைவது கூடத் தெரியாத உயரம்.

"வராட்டி என்ன, எனக்குக் கேக்குது. மறுபடி போடு" என்றார்.

மறுபடி போட்டேன்.